படமும் பழைய ஆவணமும் வைத்து நடத்தும் வகுப்பு எங்கே சிக்குகிறது? அறிகுறி வாரியாகப் பிழை நீக்கும் வழிமுறை

பழைய போட்டோ ஒன்றைக் காட்டி "என்ன தோணுது?" என்று கேட்டால் பிள்ளைகள் யோசிக்க ஆரம்பித்துவிடுவார்கள் என்று பயிற்சி வகுப்புகளில் சொல்லி அனுப்புகிறார்கள். வகுப்பில் அப்படி நடப்பதில்லை. ஏதோ ஓர் இடத்தில் வண்டி நின்றுவிடும். நின்ற இடத்தில் இறங்கிப் பார்த்தால் கோளாறு பெரும்பாலும் பிள்ளைகளிடம் இருக்காது. கொடுத்த தாளிலோ கேட்ட கேள்வியிலோ இருக்கும், இல்லாவிட்டால் தகவலை எந்த வரிசையில் அவிழ்த்தோம் என்பதில் இருக்கும். இந்த மூன்றையும் நாமே சரி செய்யலாம்.

கணக்கு இது: 8 முதல் 10-ஆம் வகுப்பு வரை, சமூக அறிவியல், 40 பேர், 45 நிமிடப் பாடவேளை. எடுத்துக்காட்டு நெடுகிலும் ஒன்றுதான், 1876–78 பஞ்சம். நம் ஊர்ப் பெரியவர்கள் வாயில் அது தாது வருஷப் பஞ்சம். கையில் இருக்க வேண்டியவை:

- சென்னைக் குதிரைப்படை அதிகாரி வில்லோபி வாலஸ் ஹூப்பர் எடுத்த பஞ்சப் போட்டோக்களில் ஒன்று. லண்டன் வெல்கம் சேகரிப்பின் இணையதளத்தில் தேடினால் கிடைக்கும்.
- பெங்களூரில் நிவாரணத்துக்காக மக்கள் காத்திருப்பதைக் காட்டும் செதுக்குப் படம் (கட்டையில் செதுக்கி அச்சிட்டது). 1877 அக்டோபர் 20 தேதியிட்ட இல்லஸ்ட்ரேட்டட் லண்டன் நியூஸ் இதழில் வந்தது.
- நிவாரணக் கூலி பற்றி நீங்களே ஐந்தாறு வரியில் எழுதிய துண்டுத் தாள். 1877 ஜனவரியில், பஞ்சத்தைப் பார்வையிட இந்திய அரசு அனுப்பிய அதிகாரி சர் ரிச்சர்ட் டெம்பிள், நிவாரண வேலை செய்யும் ஓர் ஆணுக்கு நாள் கூலியை 450 கிராம் தானியமும் ஓர் அணாவும் என்று குறைத்தார். சென்னை மாகாணச் சுகாதார ஆணையர் டாக்டர் கார்னிஷ் அது போதாது, 680 கிராமாவது வேண்டும், கூடவே காய்கறியும் பருப்பும் வேண்டும் என்று வாதாடினார். மார்ச்சில் மாகாண அரசு அதை 570 கிராம் தானியம், 43 கிராம் பருப்பு என்று உயர்த்தியது.
- ஒரு தராசு, இரண்டு கிலோ அரிசி. எதற்கு என்பது பின்னால் வரும்.

அறிகுறி 1: "நல்லா இருக்கு சார்." அதற்கப்புறம் மௌனம்

முதலில் தாளைப் பாருங்கள். 1870-களின் போட்டோவை ஜெராக்ஸ் எடுத்தால் நிழல் பகுதி முழுக்க ஒரே கறுப்பாக அப்பிக்கொள்ளும்; முகம், விலா எலும்பு, தரையில் கிடக்கும் பொருள் எதுவும் தெரியாது. பிள்ளைகள் மௌனமாக இருப்பதற்குக் காரணம், பார்க்க ஒன்றும் இல்லாததுதான். கோப்பிலிருந்து நேராக லேசர் பிரிண்டரில், வெளிச்சத்தைக் கொஞ்சம் கூட்டி, ஏ4 முழுப் பக்கத்துக்கு எடுங்கள். நாலு பேருக்கு ஒரு தாள், மொத்தம் 10 தாள். ஆறு பேருக்கு ஒன்று என்று மிச்சம் பிடித்தால் இரண்டு பேர் தலைகீழாகப் பார்ப்பார்கள், இரண்டு பேர் பார்க்கவே மாட்டார்கள். புரொஜெக்டரை நம்பவேண்டாம். ஜன்னலுக்குத் திரை இல்லாத அறையில் பகல் 11 மணிக்கு இந்த மாதிரிப் படம் வெளுத்துப்போகும்.

தாள் நன்றாக இருந்தும் மௌனம் என்றால் கேள்வி பெரிது. "என்ன தோணுது" என்பது கடைசிப் படியில் நின்று கேட்கும் கேள்வி. கீழ்ப்படியிலிருந்து ஏறுங்கள்:

1. இன்னொரு ஏ4 தாளை நாலாக மடித்து, ஒரு கால் பகுதியை மட்டும் கிழித்துவிடச் சொல்லுங்கள். அதைப் படத்தின் மேல் வைத்தால் ஒரு மூலை மட்டும் தெரியும்.
2. ஒரு மூலைக்கு ஒரு நிமிடம். பேசக் கூடாது. தெரிகிற பொருள்களின் பெயரை மட்டும் எழுத வேண்டும்.
3. தாளைத் திருப்பித் திருப்பி நாலு மூலையும் முடித்த பிறகே முழுப் படம்.
4. பிறகு எண்ணும் கேள்விகள். எத்தனை பேர்? அதில் எத்தனை பேர் நேராகக் கேமராவைப் பார்க்கிறார்கள்? யார் கையில் என்ன இருக்கிறது? நிழல் எந்தப் பக்கம் விழுகிறது?

எண்ணச் சொன்னால் கடைசி பெஞ்சும் வாய் திறக்கும். "ஏழு" என்று சொல்வதற்குக் கூச்சம் கிடையாது. பக்கத்துக் குழு "எட்டு" என்று சொன்னால் இரண்டு குழுவும் மறுபடி படத்துக்குள் போகும். நமக்கு வேண்டியதும் அதுதான்.

இந்த ஐந்து நிமிடத்தில் நீங்கள் பேசாமல் இருப்பது கஷ்டம். ஆனாலும் பேசாதீர்கள்.

அறிகுறி 2: பார்ப்பதற்கு முன்பே தீர்ப்பு

"பாவம் சார், ஏழைங்க." "வெள்ளைக்காரன் அடிமையா வச்சிருந்தான் டீச்சர்." உண்மைக்குப் பக்கத்தில் இருக்கலாம், ஆனால் அது படத்திலிருந்து வந்ததல்ல, பாடப் புத்தகத்திலிருந்தோ சினிமாவிலிருந்தோ வந்தது.

நோட்டில் நடுவில் ஒரு கோடு. இடப்பக்கம் "கண்ணுக்குத் தெரிவது", வலப்பக்கம் "நான் நினைப்பது". பிள்ளைகள் சொல்லும் ஒவ்வொன்றையும் எந்தப் பக்கம் எழுதுவது என்று அவர்களையே கேளுங்கள்.

"பசியோட இருக்காங்க சார்."

"அது எந்தப் பக்கம்பா?"

"தெரியுதே சார். இடப்பக்கம்."

"பசி கண்ணுக்குத் தெரியுமா? எதைப் பார்த்து அப்படிச் சொல்றே?"

விலா எலும்பு, ஒட்டிய வயிறு, முழங்காலை விடச் சிறுத்த தொடை. இவை இடப்பக்கம். பசி வலப்பக்கம். நோயாகவும் இருக்கலாமே என்று யாராவது எழுப்பினால் (நல்ல வகுப்பில் எழுப்புவார்கள்) அந்தச் சந்தேகத்தை அணைக்காமல் வலப்பக்கமே எழுதிவையுங்கள். பஞ்சத்தில் காலராவும் அம்மையும் சேர்ந்தே கொன்றன என்பதை வேறு ஆவணம் கொண்டுவரும்போது அந்த வரி உயிர் பெறும்.

இதில் சிக்கலானது "அம்மா" என்ற சொல். மடியில் குழந்தையுடன் ஒரு பெண் இருந்தால் எல்லாரும் "அம்மா" என்று இடப்பக்கம் எழுதுவார்கள். தெரிவது ஒரு பெண்ணும் ஒரு குழந்தையும். அக்காவாக இருக்கலாம், அத்தையாக இருக்கலாம், பசியில் முகம் முற்றிப்போய் வயதே தப்பாகத் தெரியலாம். இந்த ஒரு சொல்லுக்காகப் பத்து நிமிடம் போனாலும் நஷ்டமில்லை.

"ஏன்?" என்று கேட்காதீர்கள். நம் வகுப்பறையில் "ஏன்" என்பது திட்டுவதற்கு முன்னால் வரும் சொல். பிள்ளை உடனே பின்வாங்கும். "எதைப் பார்த்து?" என்றால் விரல் படத்தின் மேல் போகும்.

அறிகுறி 3: தலைப்பைப் படித்துவிட்டுப் படத்தை மூடிவிடுகிறார்கள்

எழுத்து கண்ணில் பட்டதும் படம் அதற்கு விளக்கப்படம் ஆகிவிடும். தலைப்பை வெட்டிவிட்டுக் கொடுங்கள். இருபதாவது நிமிடத்தில் தனித் துண்டாகத் தாருங்கள்.

ஹூப்பர் படங்களில் ஒன்றின் ஆங்கிலத் தலைப்பைத் தமிழில் சொன்னால் "கைவிடப்பட்டோர்". இந்த ஒற்றைச் சொல்லை வைத்துத் தமிழாசிரியரும் ஒரு பாடம் நடத்தலாம். செயப்பாட்டு வினையில் எழுவாய் எங்கே போனது? கைவிட்டது யார்? மழையா, கணவனா, கம்பு விற்ற வியாபாரியா, வைஸ்ராய் லிட்டனா? தலைப்பு அதைச் சொல்லாமலே தப்பித்துக்கொள்கிறது. "கைவிட்டவர் பெயர் வரும்படி இந்தத் தலைப்பை மாற்றி எழுதுங்கள்" என்று கொடுத்தால் ஐந்து குழு ஐந்து பெயர் எழுதும். ஒவ்வொரு பெயருக்கும் என்ன ஆதாரம் வேண்டும் என்று அவர்களே பட்டியல் போடுவார்கள். அடுத்த வகுப்புக்குக் கொண்டுவர வேண்டிய ஆவணம் எது என்பது உங்களுக்கும் அப்போது தெரிந்துவிடும்.

அறிகுறி 4: "கரெக்டா சார்?"

ஒவ்வொரு பதிலுக்கும் பிறகு உங்கள் முகத்தைப் பார்க்கிறார்கள் என்றால், நீங்கள் எங்கேயோ தலையாட்டியிருக்கிறீர்கள். "வெரி குட்" சொன்ன அடுத்த நொடி மற்ற 39 பேரும் யோசிப்பதை நிறுத்திவிடுவார்கள், விடை கிடைத்துவிட்டதே.

பதிலைத் திருப்பிச் சொல்லுங்கள், மதிப்புப் போடாமல்: "பின்னால நிக்கிறவர் மட்டும் நல்ல உடம்போட இருக்கார்னு சொல்றான். வேற யாருக்காவது வேற மாதிரி தெரியுதா?" படத்தில் அந்த இடத்தை விரலால் தொட்டுக் காட்டுங்கள். இதற்கு மேல் ஒன்றும் வேண்டாம். ஒரு மாதம் விடாமல் செய்தால் முகம் பார்ப்பது குறையும். ஒரே வாரத்தில் குறையாது.

அறிகுறி 5: "போட்டோ பொய் சொல்லாதுல்ல சார்"

ஓவியத்தைச் சந்தேகப்படும் பிள்ளை போட்டோவை அப்படியே நம்பும். சொற்பொழிவு இதற்கு மருந்தல்ல. ஒரு ஜோடிப் படம் போதும்.

கிரீமியப் போரில் 1855-இல் ராஜர் ஃபென்டன் ஒரே பள்ளத்தாக்கை, ஒரே இடத்தில் கேமராவை வைத்து இரண்டு முறை எடுத்தார். ஒன்றில் பீரங்கிக் குண்டுகள் சாலை மேல் சிதறிக் கிடக்கின்றன. இன்னொன்றில் சாலை காலி, குண்டுகள் ஓரப் பள்ளத்தில் மட்டும். இரண்டையும் ஒரே தாளில் அச்சிட்டுக் கொடுத்து "எது முதலில் எடுத்தது?" என்று மட்டும் கேளுங்கள். வகுப்பு இரண்டாகப் பிரியும். பாதிப் பேர் குண்டைப் பொறுக்கி ஓரத்தில் போட்டார்கள் என்பார்கள். பாதிப் பேர் எடுத்துச் சாலையில் பரப்பினார்கள் என்பார்கள். சரிவில் இருக்கும் சின்னக் கற்களை இரண்டு படத்திலும் ஒப்பிடச் சொல்லுங்கள். ஆள் நடந்து கற்கள் இடறினால் அவை கீழ்நோக்கித்தான் உருளும். குண்டு பரவிய படத்தில் அந்தக் கற்கள் கீழே கிடக்கின்றன. ஆக, காலிச் சாலைதான் முந்தியது. போட்டோவைச் சந்தேகப்பட்டதும் போட்டோவை வைத்துத்தான், அந்தச் சந்தேகத்தைத் தீர்த்ததும் அதை வைத்துத்தான். இதற்கு நல்ல அச்சு வேண்டும். கூழாங்கல் தெரியாத தாளில் இந்தப் பயிற்சி படுத்துவிடும்.

ஊர்ப் பக்க உதாரணம் வேண்டுமென்றால் லின்னேயஸ் டிரைப் 1858-இல் எடுத்த மதுரை, தஞ்சைப் படங்கள். போட்டோவில் மேகம் நன்றாகப் பதியாத காலம் அது. வானம் வெறுமையாக இருந்தால் அவர் நெகடிவிலேயே மேகத்தைத் தீட்டிவிடுவார். கோயில் பொய்யில்லை, மேகம் மட்டும் கைவேலை. ஆள் நடமாட்டம் இல்லாத வீதியைப் பார்த்து "அப்போ கூட்டமே இல்லை" என்று எழுதும் பிள்ளைக்கும் ஒரு விளக்கம் உண்டு. நீண்ட நேரம் ஒளி விழ வேண்டிய கேமராவில் அசைகிறவர் பதிவாவதில்லை.

இதே காரணத்தால் ஹூப்பரின் ஆட்களும் அசையாமல் வைக்கப்பட்டவர்களே. வரிசைப்படுத்தி, உட்காரவைத்து, மெலிவு நன்றாகத் தெரியும்படி நிறுத்தி எடுத்த படங்கள். இதைப் பிள்ளைகள் தாங்களாகவே கண்டுபிடிக்க விடுங்கள். முன்பு எண்ணினார்களே, எத்தனை பேர் கேமராவைப் பார்க்கிறார்கள் என்று, அந்த எண் இங்கே கை கொடுக்கும்.

அறிகுறி 6: "அப்போ எல்லாமே பொய்தான் சார்"

முந்தைய மருந்து அதிகமானால் வரும் கோளாறு இது. எல்லாக் கோளாறிலும் மோசமானதும் இதுதான். எதையும் நம்பாத பிள்ளையும் எதையும் நம்பும் பிள்ளையும் ஒரே அளவு சோம்பேறிகள்; இரண்டு பேரும் ஆதாரத்தைத் தொடுவதில்லை. "எல்லாருக்கும் ஒரு சார்பு இருக்கு" என்று பதில் எழுதி முழு மதிப்பெண் வாங்கும் வழக்கம் வேறு இதை வளர்க்கிறது.

கோளாறு "இதை நம்பலாமா?" என்ற கேள்வியில் இருக்கிறது. அந்தக் கேள்விக்கு ஆம், இல்லை என்றுதான் சொல்ல முடியும். "இதை எதுக்கு நம்பலாம்?" என்று மாற்றுங்கள். கரும்பலகையில் நான்கு கேள்வி எழுதி, ஹூப்பர் படத்தை ஒவ்வொன்றின் முன்னும் நிறுத்துங்கள்.

பஞ்சம் உடம்பை என்ன செய்தது? நம்பலாம். ஆளை நிறுத்திவைக்கலாம், விலா எலும்பை நிறுத்திவைக்க முடியாது. எத்தனை பேர் செத்தார்கள்? இந்தப் படத்தால் சொல்ல முடியாது. பிரிட்டிஷ் ஆளுகைக்கு உட்பட்ட பகுதிகளில் மட்டும் 50 லட்சத்துக்கு மேல் என்ற மதிப்பீடு வேறு பதிவுகளிலிருந்து வருவது. ஓர் ஆங்கில அதிகாரி எதைப் பார்க்கத்தக்கதாக நினைத்தார்? இதற்கு இதை விட நல்ல சாட்சி இல்லை. அவர் ஆட்களை அடுக்கி வைத்ததே இங்கே ஆதாரம் ஆகிறது. பஞ்சத்தில் வாடியவர் என்ன நினைத்தார்? ஒரு வார்த்தையும் இல்லை. அதற்குத் தாது வருஷப் பஞ்சத்தைப் பாடும் கும்மிப் பாடல்களைத் தேடிப் போக வேண்டும்.

மூன்றாவது கேள்வியில் பிள்ளைகள் ஒரு நிமிடம் திகைப்பார்கள். குறை என்று ஒதுக்கியது சாட்சியாகத் திரும்பி வருகிறதே! திகைப்பு வந்த நாளில் வேறெதையும் நடத்தாமல் அங்கேயே நில்லுங்கள். ஹூப்பர் பற்றிய கூடுதல் தகவலை இப்போது கொடுக்கலாம். பஞ்சத்தில் வாடியவர்களைப் படம் பிடித்துவிட்டு உதவாமல் அனுப்பினார் என்ற குற்றச்சாட்டு அவர் மேல் உண்டு. 1886-இல் பர்மாவின் மாண்டலேயில் துப்பாக்கி வரிசைக்கு முன் நிறுத்தப்பட்ட கைதிகளைப் படம் எடுத்ததற்காக விசாரணையும் நடந்தது. இதை முதலிலேயே சொல்லியிருந்தால் படத்தை யாரும் பார்த்திருக்க மாட்டார்கள், ஆளைத்தான் திட்டியிருப்பார்கள்.

அடுத்த படி, சாட்சிகளை மோதவிடுவது. தராசை எடுங்கள். செய்தித்தாள் விரித்து மூன்று குவியல்: 450, 570, 680 கிராம். டெம்பிள் கொடுத்தது, மாகாண அரசு உயர்த்தியது, கார்னிஷ் கேட்டது. இங்கே ஒரு பொறி இருக்கிறது, தயாராக இருங்கள். 450 கிராம் குவியலைப் பார்த்ததும் "இவ்ளோவா! எங்க வீட்ல நாலு பேருக்கு ஒரு வேளைக்கு ஆகும் சார்" என்பார்கள். டெம்பிள் தாராளமான ஆளாகத் தெரிவார். மறுக்காதீர்கள். கூடவே என்ன சாப்பிடுகிறீர்கள் என்று மட்டும் கேளுங்கள்: குழம்பு, காய், எண்ணெய், முட்டை, மத்தியானச் சத்துணவு. அந்த 450 கிராமில் ஏறக்குறைய 1,600 கலோரி. நாள் முழுக்க மண் வெட்டிச் சுமக்கிற ஆளுக்கு, அந்த ஓர் அணாவைத் தவிர மற்றொன்றும் இல்லாமல். கார்னிஷ் காய்கறியும் பருப்பும் கேட்டது ஏன் என்பது அப்போது அவர்களுக்கே விளங்கும். ஓர் அணாவுக்கு அன்று என்ன வாங்கலாம் என்று யாராவது கேட்பார்கள். பதில் சொல்லாமல், எந்த ஆவணத்தில் அது இருக்கும் என்று திருப்பிக் கேளுங்கள்.

டெம்பிளை வெறும் கொடியவராக எழுதிவிட்டு நகர்ந்தால் இன்னொரு துண்டைக் கொடுங்கள். அதே டெம்பிள் 1873–74 பீகார்ப் பஞ்சத்தில் பர்மாவிலிருந்து அரிசி வரவழைத்துப் பெருஞ்சாவைத் தடுத்தவர்; அரசுப் பணத்தை வாரி இறைத்தார் என்று அதற்காகவே குற்றம் சாட்டப்பட்டவர். ஒரே ஆள், மூன்றே ஆண்டு இடைவெளி. என்ன மாறியது? "சார்பு" என்ற ஒற்றைச் சொல் இந்தக் கேள்விக்கு விடையாகாது, இன்னும் படிக்கத்தான் வேண்டும். உத்தரவுத் தாள் சொல்வது என்ன கொடுக்கச் சொன்னார்கள் என்பதை. ஆள் கையில் என்ன போய்ச் சேர்ந்தது என்பது வேறு. சென்னைப் பள்ளி என்றால் ஜன்னலுக்கு வெளியிலேயே ஓர் ஆவணம் ஓடுகிறது. அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் 8 கி.மீ. கால்வாய் 1877–78-இல் பஞ்ச நிவாரண வேலையாக வெட்டியது; அதன் பெயரில் இருக்கும் பக்கிங்ஹாம் அன்றைய ஆளுநர். வெட்டியவர்கள் பெயர் எங்கே என்ற கேள்வி தானாக வரும்.

அறிகுறி 7: சிரிப்பு, அல்லது ஒரு பிள்ளை முகம் திருப்பிக்கொள்கிறது

மெலிந்த உடலைப் பார்த்துச் சிரிப்பது பெரும்பாலும் கொடூரம் அல்ல, என்ன செய்வதென்று தெரியாத கூச்சம். திட்டினால் சிரிப்பு மேசைக்கு அடியில் போய்விடும், அவ்வளவே. முன்கூட்டியே இரண்டு வாக்கியம் சொல்லுங்கள்: இவர்கள் உண்மையான மனிதர்கள், படம் எடுக்க இவர்களிடம் அனுமதி கேட்டார்களா என்று நமக்குச் சொல்லும் எதுவும் படத்தில் இல்லை. வகுப்பில் ஒல்லியான பிள்ளையை இந்தப் படத்தின் பெயரால் கூப்பிடும் ஆபத்து உண்டு, அதையும் முதல் நாளே தடுங்கள். பார்க்க முடியாதவருக்குச் செதுக்குப் படத்தைக் கொடுங்கள். 8-ஆம் வகுப்புக்கு அதுவே போதும்.

செதுக்குப் படத்தில் இன்னொரு வசதியும் உண்டு. அந்தக் காலத்தில் செய்தி இதழ்கள் போட்டோவை நேரடியாக அச்சிட முடியாது. செதுக்குபவர் கையால் வெட்டிய பிறகே பக்கத்தில் ஏறும். லண்டன் வாசகர் மேசைக்குப் போன பஞ்சம் எப்படி இருந்தது, கேமரா முன் நின்ற பஞ்சம் எப்படி இருந்தது என்று இரண்டையும் பக்கத்தில் வைக்கலாம்.

அறிகுறி 8: பழைய தமிழ் புரியவில்லை

கல்வெட்டையோ 18-ஆம் நூற்றாண்டு நாட்குறிப்பையோ அரைப் பக்கம் கொடுத்தால் மூன்றாவது வரியில் கைவிட்டுவிடுவார்கள். எளிய தமிழில் மாற்றிக் கொடுத்தாலோ ஆவணமே செத்துப்போகும். பிள்ளை படிப்பது உங்களைத்தான். நடுவழி ஒன்று இருக்கிறது. மூலத்தில் அதிகபட்சம் 40 சொல், வரிக்கு வரி இடைவெளி, ஓரத்தில் ஐந்தாறு சொல்லுக்கு மட்டும் பொருள். விளக்கம் மூலத்துக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும், மூலத்தின் இடத்தில் அல்ல.

உத்திரமேரூர்க் கல்வெட்டு இதற்கு ஏற்றது. முதல் பராந்தகனின் 14-ஆம் ஆட்சியாண்டு, கி.பி. 921. ஊர்ச் சபைக்கு ஆள் தேர்ந்தெடுக்கக் குடத்தில் இடும் ஓலையில், அதாவது குடவோலையில், பெயர் எழுதத் தகுதி: காநிலத்துக்கு மேல் இறைநிலம் உடையவன், தன் மனையில் வீடு கட்டி இருப்பவன், எழுபது பிராயத்தின் கீழ் முப்பத்தைந்து பிராயத்தின் மேற்பட்டவன், வேதம் வல்லவன். "கா" என்றால் கால் வேலி (வேலி பழைய நில அளவு), "இறை" என்றால் வரி, "பிராயம்" என்றால் வயது. இந்த மூன்றைக் கொடுத்தால் மிச்சத்தைப் பிள்ளைகளே பிரித்துவிடுவார்கள்.

பிரித்ததும் வரும் அடுத்த கோளாறு, "அப்பவே நம்ம ஊர்ல ஜனநாயகம் சார்!" பெருமையைக் கிள்ளி எறிய வேண்டியதில்லை. கணக்குக் காட்டாதவனும் அவன் உறவினரும் நிற்கக் கூடாது என்ற விதி இன்றைக்கும் பொறாமைப்பட வைப்பதுதான். ஆனால் ஒவ்வொரு தகுதிக்கும் எதிரே "இதனால் வெளியே நின்றவர் யார்?" என்று ஒரு பத்தி போடச் சொல்லுங்கள். நிலமில்லாதவர், சொந்த மனை இல்லாதவர், 34 வயதுக்காரர், வேதம் படிக்கும் உரிமை இல்லாதவர், பெண்கள். அந்தப் பத்தி நிறைய நிறைய "ஜனநாயகம்" என்ற சொல்லின் மேல் அவர்களே ஒரு கேள்விக்குறி போடுவார்கள். நீங்கள் போட்டால் சண்டை வரும்.

அறிகுறி 9: வாட்ஸப்பில் வந்த படத்தை ஆதாரமாகக் கொண்டுவருகிறார்கள்

விரட்டாதீர்கள், பாடமே அதுதான். "திப்பு சுல்தானின் உண்மையான போட்டோ" என்று சுற்றிவரும் படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். திப்பு இறந்தது 1799 மே 4. புகைப்பட முறை உலகுக்கு அறிவிக்கப்பட்டது 1839. நாற்பது ஆண்டு இடிக்கிறது. தேதிக் கணக்கிலேயே விழுந்துவிட்டது, இணையமே தேவைப்படவில்லை. பிறகு கூகுள் லென்ஸில் படத்தைப் போட்டால் ஆள் யார் என்று தெரியும்: டிப்பு டிப் என்று அழைக்கப்பட்ட, 1905-இல் இறந்த ஜான்சிபார் அடிமை வணிகர். பெயர் ஒற்றுமையில் பிழைத்த படம்.

இங்கே பழக வேண்டிய பழக்கம் ஒன்றே. படத்தை உற்றுப் பார்க்கும் முன், அந்தப் பக்கத்தை விட்டு வெளியே போய் வேறு இடங்களில் இந்தப் படத்தைப் பற்றி என்ன சொல்கிறார்கள் என்று பார்ப்பது. ஹூப்பர் படத்துக்குச் சொன்ன வரிசைக்கு இது நேர் எதிர் என்று பிள்ளைகள் பிடித்துக்கொண்டால் சந்தோஷப்படுங்கள். காப்பகத்திலிருந்து வந்த படத்துக்கு முகவரி இருக்கிறது, அதனால் உள்ளே போகலாம். முகவரி இல்லாத படத்துக்கு முதலில் முகவரி தேட வேண்டும்.

திருவள்ளுவர் படத்தையும் இதோடு கேட்பார்கள். கே. ஆர். வேணுகோபால் சர்மா சென்ற நூற்றாண்டில் வரைந்தது அது. வள்ளுவர் எப்படி இருந்தார் என்பதற்கு அது சான்று ஆகாது. 20-ஆம் நூற்றாண்டுத் தமிழர் அவரை எப்படிப் பார்க்க விரும்பினார்கள் என்பதற்கு முதல்தரச் சான்று.

அறிகுறி 10: நேரம் போதவில்லை

படம் அதிகம். ஒரு வகுப்புக்கு ஒரு படம், ஒரு துண்டுத் தாள். தாள் கொடுக்க 4 நிமிடம், மூலை மூலையாகப் பார்க்க 6, இரு பத்திப் பேச்சு 10, தலைப்பும் எடுத்தவர் விவரமும் 8, மோதும் சாட்சி 12, எழுத 5. அரிசி நிறுக்கிற நாளில் குவியல்களை முன்கூட்டியே பையில் கட்டி வையுங்கள், இல்லாவிட்டால் தராசைச் சுற்றியே மணி அடித்துவிடும்.

அறிகுறி 11: வகுப்பில் அருமையாகப் பேசினார்கள், விடைத்தாளில் ஒன்றும் இல்லை

பேச்சில் விரல் படத்தைக் காட்டியது. எழுத்தில் விரல் இல்லை. அதற்கு ஒரு வாக்கியச் சட்டம் கொடுங்கள்: "____ என்று சொல்வேன், படத்தில் ____ தெரிகிறது, ஆனால் ____ தெரிந்தால் என் எண்ணம் மாறலாம்." கடைசிக் கட்டத்தைத்தான் எல்லாரும் காலியாக விடுவார்கள். முதல் மாதம் அந்தக் கட்டத்துக்கு மட்டும் மதிப்பெண் போடுங்கள், 5-க்கு 3. "வேறு படம் கிடைத்தால்" என்று பொத்தாம் பொதுவாக எழுதினால் ஒன்றுதான். "நிவாரண முகாமுக்குள் வரும்போது எடை எடுத்த பதிவேடு கிடைத்தால்" என்று எழுதினால் மூன்றும்.